எதிர்ப்பொருள் சொல்லும் சாட்சி

மஞ்சள் கறை படிந்த சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சட்டென்று சிவப்பாக மாறுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தித் தட்டில் சிவப்பு நீர் உண்டாவதும் இதே காரணத்தால்தான். மஞ்சளில் குர்குமின் என்ற பொருள் இருக்கிறது. அது காரத்தைச் சந்தித்தால் சிவக்கும்.

இப்போது ஒரு கேள்வி. மஞ்சள் தடவிய தாள் ஒன்று ஓரிடத்தில் சிவந்திருக்கிறது. உடனே, "இங்கே சுண்ணாம்பு பட்டிருக்கிறது" என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சோப்பு பட்டாலும் சிவக்கும். சலவைச் சோடா பட்டாலும் சிவக்கும். சிவப்பு நிறம் "இங்கே காரம் இருக்கிறது" என்று மட்டுமே சாட்சி சொல்கிறது. அது எந்தக் காரம் என்பதை நாமாக ஊகித்துக் கொள்கிறோம். சாட்சி சொன்னது வேறு, நாம் புரிந்துகொண்டது வேறு.

இந்தச் சிறு வேறுபாடு ஒருவருடைய உயிரையே தொடும் இடம் ஒன்று உண்டு. புற்றுநோய் மருத்துவமனைகளின் ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டின்மேல் தோன்றும் ஒரு பழுப்பு நிறத்தை வைத்து, நோயாளிக்கு எந்த மருந்து கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அந்த நிறத்தை உண்டாக்குவது "எதிர்ப்பொருள்" என்னும் புரதம். அது தேடிக் கண்டுபிடிப்பது "கைனேஸ்" வகையைச் சேர்ந்த இன்னொரு புரதம். இவை என்ன, அந்த நிறத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பட்டும் ஒரு புரதமே

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். ஆனால் எங்கள் ஏனாத்தூரைச் சுற்றிலும் உள்ளவர்களுக்குப் புரதம் என்பது கையால் தொட்டு நெய்யும் பொருளும் ஆகும். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் முதலிய இடங்களில் தறியில் ஓடும் பட்டிழை, ஃபைப்ராயின் என்ற புரதத்தால் ஆனது. பட்டு நூலைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் நாற்றம் வருகிறதல்லவா? தலைமுடியும் புரதம் என்பதே காரணம்.

எல்லாப் புரதங்களும் அமினோ அமிலங்கள் என்ற சிறு மணிகளைக் கோத்த மாலைகளே. மணிகளில் 20 வகை உண்டு. பட்டில் கிளைசின், அலனின், செரின் ஆகிய மூன்றும் மிகுதி. நூற்றுக்குச் சுமார் ஐந்து என்ற அளவில் டைரோசின் என்ற மணியும் இருக்கிறது. டைரோசின் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

மாலை கோத்தால் மட்டும் போதாது. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிய வேண்டும். அப்போதுதான் புரதம் தன் வேலையைச் செய்யும். இந்த மடிப்பு எப்படியெல்லாம் அமையலாம், எப்படி அமைய முடியாது என்பதை உலகுக்குக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலறிஞர் ஜி. என். இராமச்சந்திரன். 1963-இல் அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் வெளியிட்ட "இராமச்சந்திரன் வரைபடம்" இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. புரதத்தின் அடையாளம் அதன் வடிவம். இக்கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

செல்லுக்குள் செய்தி போகும் வழி

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. "வளர்", "நில்", "இரண்டாகப் பிரி" என்பன போன்ற கட்டளைகள் அவை. செய்தியைக் கொண்டுவரும் மூலக்கூறு பெரும்பாலும் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்றுவிடுகிறது. மணியின் பொத்தான் வெளியே; ஒலி எழுவது உள்ளே. செல்லின் சவ்வில் இந்த வேலையைச் செய்யும் புரதங்களை ஏற்பிகள் என்கிறோம்.

உள்ளே ஒலி எழுப்புவது எப்படி? இங்கேதான் கைனேஸ் வருகிறது. செல்லில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு உண்டு. அதில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக இருக்கும். அதன் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து ஒரு புரதத்தின்மேல் ஒட்டவைக்கும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் உடையது. அது வந்து ஒட்டியதும் அருகிலுள்ள மின்னூட்டங்கள் ஈர்க்கப்படுகின்றன அல்லது விலக்கப்படுகின்றன. புரதத்தின் வடிவம் மாறுகிறது. வடிவம் மாறினால் வேலையும் மாறும். அணைந்திருந்த புரதம் விழித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டை நீக்கிவிடும். ஆக, இது நம் வீட்டு மின்விளக்கின் சுவிட்சைப் போன்றது.

1955-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் தசையிலுள்ள ஒரு நொதியை ஆராய்ந்தபோது இந்தச் சுவிட்சைக் கண்டனர். 1992-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பேட் டைரோசின்மீதும் ஒட்டக்கூடும் என்பதை 1979-இல் டோனி ஹண்டர் கண்டறிந்தார். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவர் பயன்படுத்திய கரைசல் பழையது. அதன் அமிலத்தன்மை சற்றே மாறியிருந்தது. அதனால் அதுவரை ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த இரு பொருள்கள் தனித்தனியே பிரிந்து தெரிந்தன! சோதனையின் சூழ்நிலை சிறிது மாறினாலும் விடை மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. இங்கே அது நன்மையாக முடிந்தது. எப்போதும் அப்படி முடிவதில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ் வகைகள் இருப்பதாக 2002-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு காட்டியது. அவற்றுள் ஏறத்தாழ 90 வகைகள் டைரோசின்மீது பாஸ்பேட் ஒட்டுபவை.

ஹெர்-2 என்னும் ஏற்பி

அந்த 90-க்குள் ஒன்றுதான் ஹெர்-2. இது 1,255 அமினோ அமிலங்களைக் கோத்த புரதம். செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும். ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பகுதி கைனேஸாக வேலை செய்யும். இதன் குடும்பத்தில் நான்கு ஏற்பிகள் உண்டு. அவை இருவர் இருவராகக் கைகோக்கும்போதுதான் உள்ளே பாஸ்பேட் ஒட்டப்பட்டு, "பிரி" என்ற செய்தி கிளம்புகிறது.

மார்பகத்தின் சாதாரணச் செல் ஒன்றில் ஹெர்-2 சுமார் 20,000 இருக்கும். சில புற்றுநோய்ச் செல்களில், இதை உண்டாக்கும் மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. அப்போது ஒரே செல்லில் 20 இலட்சம் அளவுக்கும் ஹெர்-2 நிறைந்துவிடும். கூட்டம் மிகுந்தால் ஒருவர்மேல் ஒருவர் மோதுவது இயற்கைதானே? வெளியிலிருந்து செய்தி வராமலேயே அவை தம்முள் கைகோத்துக்கொள்கின்றன. பொத்தானை யாரும் அழுத்தாமலேயே மணி இடைவிடாமல் ஒலிக்கிறது. செல் பிரிந்துகொண்டே போகிறது.

1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர், இந்த மரபணு பெருகிய மார்பகப் புற்றுநோய் விரைவாகத் திரும்பி வருவதைக் காட்டினர். பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1998-இல், ஹெர்-2 வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்துக்கொள்ளும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் பெங்களூரின் பயோகான் நிறுவனம் மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய இதையொத்த மருந்துக்கு 2013-இல் அனுமதி கிடைத்தது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 முதல் 20 பேருக்கு மட்டுமே ஹெர்-2 மிகுந்திருக்கும். அவர்களுக்கு இம்மருந்து பெரும் பயன் தரும். மற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டாது. செலவு மட்டும் மிகும், சிலருக்கு இதயமும் பாதிக்கப்படும். ஆகவே மருந்து கொடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இந்த நோயாளியின் செல்களில் ஹெர்-2 மிகுந்திருக்கிறதா, இல்லையா? சென்னை அடையாற்றில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய மையங்கள் முதல் மாவட்டத் தலைநகர்களின் ஆய்வகங்கள் வரை இக்கேள்வி எழுகிறது. எங்கள் காஞ்சிபுரத்திலும், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணாவின் நினைவாக 1969-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை உண்டு.

எதிர்ப்பொருள் என்னும் கருவி

ஹெர்-2 மூலக்கூறு சில நானோமீட்டர் அளவே உள்ளது. நாம் காணும் பச்சை ஒளியின் அலைநீளமோ சுமார் 500 நானோமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியால் தனியே பிரித்துக் காண முடியாது என்பது இயற்பியல் விதி. நேரே காண முடியாததை, அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒன்றின் மூலமாகத்தான் காண வேண்டும்.

அப்படி ஒட்டிக்கொள்ளும் பொருளை நம் உடலே செய்கிறது. கிருமி நுழைந்தால் அதன் வடிவத்துக்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் உருவாகிறது. ஆங்கில எழுத்தான "ஒய்" போன்ற உருவம்; இரு கைகளின் நுனியிலும் ஒரே வகைப் பள்ளம். பூட்டுக்குச் சாவி போல் அந்தப் பள்ளத்தில் பொருந்துவது மட்டுமே பிடிபடும்.

முயலின் உடலில் மனித ஹெர்-2 புரதத்தின் ஒரு துண்டைச் செலுத்தினால், முயல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்பொருள் செய்யும். ஆனால் ஒரு விலங்கு பல வகை எதிர்ப்பொருள்களைக் கலவையாகவே செய்கிறது. அந்த விலங்கு இறந்தால் அதே கலவை மறுபடி கிடைக்காது. 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டனர். எதிர்ப்பொருள் செய்யும் ஒரு செல்லை, ஓயாமல் பெருகும் புற்றுநோய்ச் செல் ஒன்றுடன் இணைத்தனர். அந்தக் கலப்புச் செல்லின் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே வகை எதிர்ப்பொருளையே செய்தன. 1984-இல் இதற்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆய்வகத்தில் இன்று புட்டியில் வரும் எதிர்ப்பொருள்களுள் பல இந்த வழியில் பிறந்தவை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மேலே சொன்ன டிராஸ்டுசுமாப் மருந்தும் ஓர் எதிர்ப்பொருளே! ஒரே புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களுள் ஒன்று மருந்தாகிறது. இன்னொன்று ஆய்வகத்தில் சாட்சி சொல்கிறது. சாட்சி சரியாகச் சொன்னால்தான் மருந்து சரியான ஆளைப் போய்ச் சேரும்.

கண்ணாடித் தகட்டின்மேல்

நோயாளியின் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கிறார்கள். அதைப் பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய ஏடாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். பார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் காக்கிறது. ஆனால் அந்தப் பிணைப்பே ஹெர்-2 புரதத்தை மறைத்தும்விடும். எனவே தகட்டை ஏற்ற கரைசலில் வைத்துக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கிப் பிணைப்புகளைத் தளர்த்துகிறார்கள்.

பிறகு முயலின் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். அது ஹெர்-2 இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிடுகிறார்கள். அடுத்து, முயலின் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் இரண்டாம் எதிர்ப்பொருள் வருகிறது. அதன் முதுகில் ஒரு நொதி ஏற்றப்பட்டிருக்கும். கடைசியாக நிறமற்ற ஒரு வேதிப்பொருளை ஊற்றினால், அந்த நொதி அதை அங்கேயே பழுப்பு நிறப் படிவாக மாற்றும். ஒரு நொதி மூலக்கூறு ஏராளமான நிற மூலக்கூறுகளை உண்டாக்குவதால், கண்ணுக்குத் தெரியாத செய்தி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகுகிறது. வானொலிப் பெட்டியில் ஒலிபெருக்கிச் சுற்று செய்யும் வேலையை இங்கே நொதி செய்கிறது. ஆனால் ஒலிபெருக்கி பாட்டைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து நான்கு படிகளில் மதிப்பெண் இடுகிறார். நிறமே இல்லை, அல்லது இல்லை எனத் தக்க அளவு என்றால் 0. நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட புற்றுநோய்ச் செல்களின் விளிம்பில் மங்கலான, முழுமையாகச் சுற்றி வராத நிறம் இருந்தால் 1. நிறம் சுற்றி வந்தும் அடர்த்தி குறைவாக இருந்தால் 2. அத்தனை செல்களில் அடர்ந்த பழுப்பு வளையம் முழுமையாகச் சுற்றி வந்திருந்தால் 3. மதிப்பெண் 3 என்றால் ஹெர்-2 மிகுதி. மதிப்பெண் 2 ஐயத்துக்குரியது. வேறு சோதனை வேண்டும்.

பொய்ச்சாட்சி எப்படி உண்டாகிறது?

எதிர்ப்பொருளுக்கு வடிவம் மட்டுமே தெரியும், பெயர் தெரியாது. எவ்வளவு சிறந்த எதிர்ப்பொருளானாலும் இது உண்மை. மஞ்சளுக்குச் சுண்ணாம்பும் சோப்பும் ஒன்றே என்பது போல, அதற்குப் பொருந்தும் வடிவம் வேறொரு புரதத்தில் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். இதனால் இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பிழை நேர்கிறது. தகட்டின் விளிம்பு உலர்ந்துபோனாலும், சரியாகக் கழுவாவிட்டாலும், வீணாக நிறம் படியும்.

இருப்பதை இல்லை என்று சொல்லும் பிழையும் உண்டு. கட்டியை எடுத்த பிறகு அது பார்மலினைச் சேரத் தாமதமானால் புரதங்கள் சிதையத் தொடங்கும். ஊறவைத்த நேரம் குறைந்தாலும், மிக நீண்டாலும் விடை மாறக்கூடும். அதனால்தான் துண்டு ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் இறங்க வேண்டும் என்றும், 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் ஊற வேண்டும் என்றும் வழிமுறை வகுத்திருக்கிறார்கள். அறுவை அறையிலிருந்து புட்டியை எடுத்துச் செல்லும் ஊழியர், புட்டியின்மேல் நேரத்தைக் குறித்து வைப்பதும் இந்தச் சோதனையின் ஒரு பகுதியே. விலையுயர்ந்த எதிர்ப்பொருளால் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தர முடியாது.

முதல் வகைப் பிழையால் ஒருவர் வேண்டாத மருந்தைப் பெறுகிறார். இரண்டாம் வகைப் பிழையால் ஒருவர் தம்மைக் காக்கக்கூடிய மருந்தை இழக்கிறார்.

பக்கத்தில் நிற்கும் சாட்சிகள்

அப்படியானால் பழுப்பு நிறத்தை எப்படித்தான் நம்புவது? நம் பொற்கொல்லர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறையே இதற்கு வழி. உரைகல்லில் தங்கத்தை உரைத்து, அந்தக் கோட்டை மட்டும் பார்த்து அவர்கள் விலை சொல்வதில்லை. மாற்றுத் தெரிந்த ஆணிப்பொன்னையும் பக்கத்திலேயே உரைத்து, இரண்டு கோடுகளையும் ஒப்பிடுவார்கள்.

ஆய்வகத்திலும் இதேதான். நோயாளியின் தகட்டுடன், ஹெர்-2 மிகுந்தது என்று முன்பே தெரிந்த திசுவையும், இல்லை என்று தெரிந்த திசுவையும் ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே முறையில் நிறமேற்றுகிறார்கள். இவற்றை ஒப்புநோக்கு மாதிரிகள் எனலாம். "இருக்கிறது" மாதிரியில் நிறம் வராவிட்டால் கரைசல் கெட்டுவிட்டது என்று பொருள். நோயாளியின் தகட்டில் நிறம் இல்லாததற்கு அன்று மதிப்பே இல்லை. "இல்லை" மாதிரியில் நிறம் வந்துவிட்டால் அன்றைய பழுப்பு எதற்கும் மதிப்பில்லை. நோயாளியின் துண்டிலேயே சாதாரண மார்பகச் செல்களும் சில இருக்கும். அவையும் அடர்ந்த பழுப்பாகத் தெரிந்தால், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஐயம் நீங்காத மதிப்பெண் 2 வந்தவர்களுக்குப் புரதத்தை விட்டு மரபணுவையே எண்ணுகிறார்கள். ஹெர்-2 மரபணு 17-ஆவது குரோமோசோமில் உள்ளது. அந்த மரபணுவில் ஒட்டும் ஒளிரும் பொருளைச் சேர்த்து, ஒளிப்புள்ளிகளை எண்ணி, அதே குரோமோசோமின் மையப்பகுதிப் புள்ளிகளுடன் ஒப்பிடுகிறார்கள். இது வேறு தத்துவத்தில் அமைந்த சோதனை. புவியீர்ப்பு முடுக்கத்தைத் தனி ஊசலால் ஒருமுறையும் பொருளை விழவிட்டு ஒருமுறையும் அளந்து, இரண்டு விடைகளும் ஒத்தால் நம் நம்பிக்கை வளர்கிறதல்லவா? அதே முறைதான் இதுவும்.

புதிய எதிர்ப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் இன்னும் கடுமையான தேர்வு ஒன்று வைக்கலாம். தேடப்படும் மரபணுவையே நீக்கிவிட்ட செல்களில் அதைச் செலுத்திப் பார்ப்பது அது. புரதமே இல்லாத இடத்திலும் நிறம் வந்தால் அந்த எதிர்ப்பொருள் பொய்ச்சாட்சி. இப்படித் தேர்வு செய்யாத எதிர்ப்பொருள்களால் ஆய்வாளர்கள் பலர் தவறான முடிவுகளுக்கு வந்தது தெரிந்த பிறகு, 2016-இல் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று எதிர்ப்பொருளைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தது. மரபணுவை நீக்கிப் பார்ப்பதும், வேறு தத்துவமுள்ள சோதனையுடன் ஒப்பிடுவதும் அவற்றுள் அடங்கும்.

மருந்து மாறினால் கேள்வியும் மாறும்

2022-இல் ஒரு புதிய செய்தி வந்தது. டிராஸ்டுசுமாப்புடன் செல்லைக் கொல்லும் மருந்தொன்றை இணைத்துச் செய்த டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகன், மதிப்பெண் 1 பெற்ற நோயாளிகளுக்கும், மதிப்பெண் 2 பெற்றும் மரபணு பெருகாத நோயாளிகளுக்கும் பயன் தந்தது. அதுவரை 0 என்றாலும் 1 என்றாலும் மருத்துவர்களுக்கு ஒன்றுதான். இரண்டுமே "மிகுதி இல்லை". இப்போது அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய கோடு முக்கியமாகிவிட்டது.

ஆனால் இந்தச் சோதனை மிகுதியாக உள்ளதைக் கண்டுபிடிக்கவே வடிவமைக்கப்பட்டது. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் மோதிரத்தை வைத்தால் முள் அசையுமா? மங்கலான நிறத்துக்கும் நிறமே இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பதில் தேர்ந்த மருத்துவர்களும் தம்முள் வேறுபடுகிறார்கள். எந்தக் கருவிக்கும் அது நன்றாக அளக்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்கு வெளியே கேள்வி போய்விட்டால் புதிய கருவி வேண்டும். கணிப்பொறியின் உதவியுடன் நிறத்தை அளக்கும் முயற்சிகள் இதற்காகவே நடக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

எதிர்ப்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஒப்புநோக்கு மாதிரியின் அருமையை அயோடின் கரைசலைக் கொண்டே அறியலாம். சூடான நீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அயோடின் சேர்த்த எதையும் வாயில் வைக்கக் கூடாது.

வடித்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்து ஒரு தம்ளர் நீரில் கலந்து, நன்றாக ஆறவிடுங்கள். நான்கு சிறு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் குவளையில் வெறும் நீர். அயோடின் இரண்டு சொட்டு விட்டால் இளமஞ்சளாக இருக்கும். இதுவே "இல்லை" மாதிரி.

2. இரண்டாவதில் ஆறிய கஞ்சி நீர். அயோடின் விட்டால் கருநீலமாகும். இதுவே "இருக்கிறது" மாதிரி. மாவுச்சத்தின் ஒரு பகுதி சுருள்கம்பி போன்ற வடிவம் உடையது. அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் அமர்ந்தால்தான் நீலம் தோன்றும். இங்கும் வடிவமே அடையாளம்!

3. மூன்றாவதில் கொதிக்கக் காய்ச்சிய அதே கஞ்சி நீர். சூடாக இருக்கும்போதே அயோடின் விடுங்கள். நீலம் தோன்றாது, அல்லது மிக மங்கலாக இருக்கும். மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் சூட்டில் அயோடின் சுருளுக்குள் நிலைத்து நிற்பதில்லை. குவளை ஆறியதும் நீலம் வருவதைக் கவனியுங்கள்.

4. நான்காவதில் ஆறிய கஞ்சி நீருடன் எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி. அயோடின் இரண்டு சொட்டு விட்டால் நீலம் மறைந்துவிடும் அல்லது தோன்றவே தோன்றாது. சாற்றிலுள்ள வைட்டமின் சி அயோடினையே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது.

இப்போது எண்ணிப் பாருங்கள். பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று சோதிக்கும் ஒருவர், பாலைக் காய்ச்சிய சூட்டோடு அயோடின் விட்டுப் பார்த்து, "நீலம் இல்லை; பால் சுத்தம்" என்று சொன்னால் ஏற்பீர்களா? மாவு கலந்த பால் ஒன்றையும் அதே சூட்டில் பக்கத்தில் வைத்துச் சோதித்திருந்தால், தம் முறையே தவறு என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும்.

நிறம் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும், பக்கத்தில் ஒப்பிட ஒன்று இருக்கும்போதுதான் அது சாட்சியாகிறது. மஞ்சள் தாளுக்கும் அயோடினுக்கும் முயல் தந்த எதிர்ப்பொருளுக்கும் இது பொதுவான விதி.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. நோயாளியின் தகட்டிலும் "இருக்கிறது" மாதிரியிலும் நிறம் வரவில்லை. மருத்துவர் என்ன முடிவுக்கு வரலாம்?

2. நோயாளியின் தகட்டை இன்றும், ஒப்புநோக்கு மாதிரிகளை நேற்றும் நிறமேற்றினால் என்ன குறை நேரும்?

3. மஞ்சள் தாளைச் சிவக்கச் செய்த பொருள் சுண்ணாம்பா, சோப்பா என்று கண்டறிய வேறு தத்துவத்தில் அமைந்த ஒரு சோதனையைச் சொல்ல முடியுமா? தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சுக் காற்றை ஊதினால் என்ன ஆகும் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.